ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: இரண்டையும் பார்த்த ஒரு குடும்பத்தின் மதிப்புரை

கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை மேல் வழவழப்பான மடிப்புத்தாள் ஒன்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள், அமெரிக்காவுக்கு இணையான தரம் என்று அதில் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு இந்த நோய், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்று, என்று தெரிந்த வாரத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பேசினோம். நிலத்தை விற்றாவது அங்கேதான் போக வேண்டும் என்று மாமா சொன்னார். இதைப் படிக்கிறவர் வீட்டிலும் இப்போது அதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் அனுபவத்தில் வருகிற மருத்துவமனைகளின் பெயர்களைப் போடவில்லை.

நாங்கள் எல்லைக்குக் கேரளப் பக்கம், பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே பாதி வீடுகளில் தமிழ்தான் பேச்சு. ரேஷன் கார்டு கேரளம், பெண் எடுப்பதும் கொடுப்பதும் பொள்ளாச்சிப் பக்கம், பெரிய நோய் என்றால் வேலந்தாவளம் தாண்டி கோவை என்பது பழக்கம். அப்பா இந்தப் பக்கம், அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, தமிழ்நாட்டில் ஆனைமலைப் பக்கம். கொஞ்ச கால இடைவெளியில் இரண்டு பேருக்குமே இதே நோய் வந்தது. கூடப்பிறந்தவருக்கோ அப்பாவுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மருத்துவம் சொல்கிறது, ஆக இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஒரே ரத்தம், ஒரே நோய், நடுவில் ஒரு மாநில எல்லை. இரண்டு பேருடனும் பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 95 சதவீதம்.

2007-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கிய ரூடி ஜூலியானி ஒரு வானொலி விளம்பரம் கொடுத்தார். அவருக்கே ப்ராஸ்டேட் புற்றுநோய் வந்து குணமானது. அமெரிக்காவில் நான் பிழைக்கும் வாய்ப்பு 82 சதவீதம், அரசு மருத்துவம் நடக்கும் இங்கிலாந்தில் வெறும் 44 சதவீதம் என்றார். கேட்கிறவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி என்றாலே சாவு என்று தோன்றும். ஆனால் அந்த 44 கணக்கே தப்பு என்று உடனே பலர் எடுத்துக் காட்டினார்கள், அதைவிட முக்கியமானது, அந்தக் காலத்தில் இந்த நோயால் ஒரு வருடத்தில் இறந்தவர்கள் லட்சம் ஆண்களுக்கு அமெரிக்காவில் சுமார் 26 பேர், பிரிட்டனில் சுமார் 27 பேர். கிட்டத்தட்ட ஒன்றேதான்.

சாவு ஒரே அளவில் இருக்கும்போது பிழைத்தவர் கணக்கு மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது? ஒருவர் 74 வயதில் இந்த நோயால் இறக்கிறார் என்று வையுங்கள். முதுகு வலி வந்து 71-ல் கண்டுபிடித்தால் மூன்று வருடம்தான், ஐந்து வருடக் கணக்கில் அவர் தோல்வி. அதே ஆளுக்கு, ப்ராஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு புரதத்தை அளக்கிற பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையில் 66-லேயே தெரிந்துவிட்டால் எட்டு வருடம், அவர் வெற்றிக் கணக்கில் வந்துவிடுகிறார். இறந்த நாள் மாறவே இல்லை, தெரிந்த நாள்தான் முன்னே நகர்ந்தது. இன்னொன்றும் உண்டு. ப்ராஸ்டேட்டில் வரும் கட்டிகளில் நிறைய மிக மெதுவாக வளர்பவை, அந்த மனிதர் வேறு எதிலோ இறக்கும்வரை ஒரு தொல்லையும் தராதவை. எல்லாருக்கும் பரிசோதனை செய்யும் ஊரில் அவர்களும் நோயாளிப் பட்டியலில் சேர்ந்து, எல்லாரும் பிழைத்தவர்களாகி, சதவீதம் தானாக ஏறிவிடும். அமெரிக்காவில் இந்தச் சோதனையை நோய் கண்டறியவே பயன்படுத்தலாம் என்று 1994-ல் அனுமதி கொடுத்தார்கள், அங்கே அது பெரிய அளவில் நடந்தது. பிரிட்டனில் எல்லாரையும் கூப்பிட்டு சோதிக்கும் திட்டம் இருந்ததில்லை.

கோவை மருத்துவமனையின் மடிப்புத்தாளுக்கும் இதே கதைதான். அங்கே போகிறவர்களில் பலர் கம்பெனி செலவில் முழு உடல் பரிசோதனை செய்து ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டவர்கள், பணமும் உடல் தெம்பும் இருப்பவர்கள். எலும்புக்குப் பரவிய நிலையில் கட்டிலோடு வருகிறவர்கள் அந்த வரவேற்பறையைத் தாண்டுவதில்லை, அவர்கள் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். அமெரிக்கக் கணக்கிலேயே பாருங்கள்: நோய் ப்ராஸ்டேட்டுக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும்போது கண்டால் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு, தூரத்து உறுப்புக்குப் பரவியபின் கண்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். யார் உள்ளே வருகிறார்கள் என்பதிலேயே அந்த எண் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. வைத்தியத்தின் தரத்தை அதில் தேட முடியாது.

அதற்காக வித்தியாசம் எல்லாமே மாயை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வித்தியாசம் உண்மையாகவே இருந்தது.

அப்பாவுக்கு ராத்திரியில் அடிக்கடி எழுந்து ஒன்றுக்குப் போகும் தொந்தரவு. வயதானால் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று விட்டிருந்தார், பெரும்பாலும் அது சாதாரண ப்ராஸ்டேட் வீக்கமாகத்தான் இருக்கும், ஆரம்பப் புற்றுநோய் எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பதுதான் வழக்கம். வேறு எதற்கோ தாலூகா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யாருக்காவது இது உண்டா என்று கேட்டார். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுவது தெரிந்ததும், அந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பிஎஸ்ஏ அளவு பாதியாகக் குறைந்து தெரியும், வருகிற எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதினார். லேப் ரிப்போர்ட்டில் இது வராது. அப்பாவின் எண் கொஞ்சம்தான் கூடுதல் என்று லேப்காரர் சொன்னது, பெருக்கிப் பார்த்தபோது கொஞ்சமாக இல்லை. எம்ஆர்ஐ, பயாப்ஸி, எலும்பு ஸ்கேன். கட்டி எவ்வளவு முரடானது என்று காட்டும் கிளீசன் எண் 4+3, எலும்பு சுத்தம். அந்த டாக்டருக்கு நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்தும் போடுவேன், இந்த மதிப்புரையிலேயே முழு மதிப்பெண் அவருக்கு மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு முதுகு வலி. தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர், முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு தனியார் எலும்பு கிளினிக்கில் டிஸ்க் என்று சொல்லி பெல்ட், ஊசி, வலி மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓட்டினார்கள். அறுபதைத் தாண்டிய ஆணுக்கு, படுத்தாலும் குறையாத, ராத்திரியில் கூடுகிற புது முதுகு வலி வந்தால் சில நூறு ரூபாயில் முடிகிற ஒரு ரத்தப் பரிசோதனையை எழுதுவதில் என்ன கஷ்டம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தெரியவந்தபோது பிஎஸ்ஏ பல நூறுகளில், இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. இந்த நிலையில் இருக்கிறவருக்குக் கால் மரத்துப்போனாலோ, தளர்ந்தாலோ, ஒன்றுக்கு வராமல் நின்றாலோ மறுநாள் ஓபி வரை காத்திருக்கவே கூடாது, தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை எங்களுக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை, அடுத்த கட்டில்காரரின் மகள் சொல்லித்தான் தெரியும்.

கேரளம் நல்லது, தமிழ்நாடு மோசம் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். பாலக்காட்டில் அப்படி ஒரு எலும்பு கிளினிக்கும், பொள்ளாச்சியில் அப்படி ஒரு நல்ல டாக்டரும் கட்டாயம் இருப்பார்கள். முதல்படியில் உட்கார்ந்திருக்கிறவர் கேள்வி கேட்கிறாரா என்பதைப் பொறுத்து ஆயுள் நீள்கிறது, குறைகிறது. ஐரோப்பாவில் 1993-ல் தொடங்கிய பெரிய பரிசோதனை ஆய்வின் 23 வருட முடிவு 2025-ல் வந்தது. அதன்படி சோதனைக்கு அழைக்கப்பட்ட 456 ஆண்களுக்கு ஒருவரின் சாவு தவிர்க்கப்பட்டது, இந்த நோயால் ஏற்படும் சாவு 13 சதவீதம் குறைந்தது. பலன் உண்டு, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. எல்லாரும் ஓடிப்போய் பிஎஸ்ஏ பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது தாண்டியவர்கள், குடும்பத்தில் இது இருந்தால் கொஞ்சம் முன்பே, டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். கோவை தனியார் மருத்துவமனையில் முதல் நாளே ரோபோ அறுவை சிகிச்சை என்றார்கள். சுத்தம், மரியாதை, காத்திருப்பு இல்லை, நர்ஸ் பெண்கள் அப்பாவை அய்யா என்று கூப்பிட்டு தண்ணீர் கொடுத்தார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் வேறு என்ன வழி இருக்கிறது என்று கேட்டபோது பதில் சுருங்கிவிட்டது. செலவு மதிப்பீட்டுத் தாள் மட்டும் நீளமாக வந்தது. எங்களிடம் இருந்த, கேரள அரசின் மருத்துவக் காப்பீடான காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா அட்டையைப் பார்த்து இங்கே செல்லாது என்று கவுண்டரில் முடித்துவிட்டார்கள். ஐந்து லட்சம் வரை ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு என்பது அந்தத் திட்டத்தின் வரம்பு, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டிலும் அதே ஐந்து லட்சம்தான், ஆனால் எந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்பதை நோயாளியோடு கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எல்லையோரத்துக்காரர்களுக்கு இது மிகப் பெரிய விஷயம்.

அப்புறம் கேரளப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி. கூட்டம், வரிசை, ஃபேன் ஓடாத வராந்தா, பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் இல்லையென்றால் போச்சு. ரேடியேஷனுக்கு, நம் ஊர் பேச்சில் கரண்ட் வைப்பதற்கு, வரிசை மாதக்கணக்கில். பயந்துபோனோம். ஆனால் அங்கே ட்யூமர் போர்டு என்று ஒன்று கூடுகிறது, அறுவை சிகிச்சை டாக்டர், ரேடியேஷன் டாக்டர், மருந்து டாக்டர் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தார்கள். ரேடியேஷன் கொடுக்கலாம், அதற்கு முன் ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் ஊசியை உடனே தொடங்கலாம், ஊசி வேலை செய்துகொண்டிருக்கிற காலத்தில் நோய் பெரும்பாலும் வளராது, அதனால் இந்தக் காத்திருப்பு பயப்படும்படியானது இல்லை என்று ஒரு இளம் டாக்டர் படம் வரைந்து விளக்கினார். பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, ரேடியேஷன் என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பார்த்த ஆய்வில், மூன்றிலுமே இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான், அந்த ஆய்வில் இருந்தவர்களில் பலருக்கு உங்கள் அப்பாவைவிட லேசான நோய், இருந்தாலும் அவசரப்பட்டு நிலத்தை விற்காதீர்கள் என்றார். மாமா அதற்கப்புறம் நிலப் பேச்சை எடுக்கவில்லை.

தனியாரில் ஏழு வாரத்துக்கு மேல் தினமும் ரேடியேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அரசு டாக்டர் இருபது தடவையில் முடித்துவிடலாம் என்றார். இதற்கும் பிரிட்டனில் ஆய்வு நடந்து 2016-ல் முடிவு வந்திருக்கிறது: 37 தடவையாகக் கொடுப்பதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் அளவைக் கொஞ்சம் கூட்டி 20 தடவையில் கொடுத்தாலும் பலன் குறையவில்லை. தூரத்து ஊர்க்காரருக்கு இது சாதாரண விஷயமா? பஸ் கூலி, கூட வருகிறவரின் கூலி நஷ்டம், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டிய வேதனை எல்லாம் ஏறக்குறைய பாதியாகிறது. பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களும் குறைவார்கள், பாதியில் நிறுத்துவதுதானே நம் பக்கத்தில் ஆளைக் கொல்கிறது. அந்த மருத்துவக் கல்லூரிக்கு நான் ஐந்துக்கு மூன்றரை போடுவேன். குறைத்த ஒன்றரையும் வராந்தாவுக்கும் மருந்து இருப்புக்கும்.

அந்த மூன்று மாத ஹார்மோன் ஊசி ஆஸ்பத்திரி ஃபார்மசியில் சில நேரம் இருக்காது. வெளியில் வாங்கினால் விலை கூலிக்காரர் வீட்டுக்குத் தாங்காது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களை அந்த வராந்தாவில் எத்தனையோ பேரைப் பார்த்தேன். கேரள அரசு 2024-ல் மாவட்டத்துக்கு ஒரு காருண்யா மருந்தகத்தில் புற்றுநோய் மருந்துகளை லாபமில்லாத விலைக்கு விற்கத் தொடங்கியது, வெளிக்கடைக்குப் போகும் முன் அங்கே விசாரியுங்கள்.

பெரியப்பாவுக்கு ஊசிக்குப் பதில் விரைகளை நீக்கும் சிறிய அறுவை சிகிச்சையைச் சொன்னார்கள். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டியதிலிருந்து இருக்கிற வைத்தியம், 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசி செய்வதையே இது ஒரே தடவையில் செய்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேடி அலைய வேண்டாம், ஊசி தீர்ந்துபோச்சு என்ற பயம் இல்லை. ஏழைக்கு இது நல்ல வைத்தியம் என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே. ஓபியில் இருபது பேர் சுற்றி நிற்கும்போது, மருமகள் பக்கத்தில் இருக்கும்போது, எடுத்துடலாமா பெரியவரே என்று கேட்டார்கள். பெரியப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார், திரும்பி வர ஒத்துக்கொள்ள வாரங்கள் ஆயின, அத்தனை வாரமும் நோய்க்கு லாபம். ஒரு தனி அறையும் ஐந்து நிமிடமும் ஆயுளைக் கூட்டும் என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது, எனக்கு அது நிச்சயம். இதற்கு நான் நட்சத்திரம் போடப் போவதில்லை.

அதற்கப்புறம் அவர் அபிராடெரோன் மாத்திரையும் சாப்பிட்டார். பரவிய நிலையில் ஹார்மோன் சிகிச்சையோடு இதை ஆரம்பத்திலேயே சேர்த்தால் ஆயுள் நீள்கிறது என்று 2017-ல் ஆய்வுகள் காட்டின, பரவாதவர்களும் சேர்ந்திருந்த ஒன்றில் மூன்று வருடம் தாண்டியவர்கள் 76 சதவீதத்திலிருந்து 83 ஆகக் கூடியிருக்கிறார்கள். இந்தியாவில் பல கம்பெனிகள் இதைத் தயாரிப்பதால் மூல பிராண்டை விட விலை மிகக் குறைவு, எந்தக் கம்பெனி மாத்திரை மலிவு என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் சந்தேகம் என்று அனுப்பிய 62 நாளுக்குள் 85 சதவீதம் புற்றுநோயாளிகளுக்கு சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் இலக்கு, 2015-க்குப் பிறகு அதை எட்டவே இல்லை. அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறப்பது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில், காசு பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே கவனிப்பு கிடைக்கிற இடத்தில், அந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிட்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் படித்தபோது பெரியப்பா நினைவுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் கவனிப்பில் கேரளப் பக்கம் ஒரு படி மேல். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய பாலியேட்டிவ், அதாவது வலி தணிக்கும் கவனிப்பு வேலை பரவி, 2008-ல் மாநிலக் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருகிறார். அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்த நாட்களில் அவர் வந்து மாற்றிக் கொடுத்தார், எங்களோடு தமிழில்தான் பேசினார். தமிழ்நாட்டில் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்திலும் இந்தக் கவனிப்பு உண்டு, பெரியப்பா வீட்டுக்கு வலி மாத்திரையோடு வந்தார்கள், ஆனால் இடைவெளி அதிகம்.

எல்லை தாண்டி வைத்தியம் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. புது ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் தாளை மட்டும் ஏற்க மாட்டார்கள், பயாப்ஸியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பார்கள். அதற்கு மெழுகில் பதித்த சதைத் துண்டு, அதாவது ப்ளாக்கும், கண்ணாடி ஸ்லைடும் வேண்டும். அவை முதல் ஆஸ்பத்திரியின் லேபில் இருக்கும், நோயாளி கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் தருவார்கள். எம்ஆர்ஐயின் சிடியையும் சேர்த்து வாங்குங்கள், பிலிம் போதாது. இல்லையென்றால் வயதானவருக்கு மறுபடி ஊசி குத்தி சதை எடுப்பார்கள். ஊசி போட்ட தேதிகளையும் ஒவ்வொரு பிஎஸ்ஏ எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள், கேரளத்தில் போட்ட ஊசி கோவை கம்ப்யூட்டரில் தெரியாது.